குறை கூறுவோர் நம்மவர்

கூட்டுறவுச் சங்கங்களில் பணிபுரிவோர் பலர், வேலைப் பளுவைத் தாங்கிக் கொள்ளலாம், குறைகூறலைத் தாங்க முடிவதில்லை என்று சொல்லக் கேட்கிறோம். விடியற்காலையில் எழுந்து பால் கொள்முதல் செய்யும் ஊழியரிடம், "உங்கள் சோதனை சரியில்லை" என்று ஒருவர் கூறினால் அவர் மனம் புண்படுகிறது. பல நாள் தறியில் அமர்ந்து நெய்த சேலையைச் சங்கத்தில் தரம் பார்ப்பவர் ஒதுக்கி வைத்தால் நெசவாளர் சினங்கொள்கிறார். தணிக்கை அறிக்கையில் பத்துக் குறைகளைக் கண்ட காரியதரிசி, அவற்றைக் கூறியவர்மேல் வருத்தங்கொள்கிறார். வருத்தம் இயல்பே; அதைக் குற்றமென்று சொல்வாரில்லை. ஆயினும் அவ்வருத்தத்திற்குப்பின் நாம் யாது செய்கிறோம் என்பதைப் பொறுத்தே நம் பணியின் தரமும் சங்கத்தின் ஆயுளும் அமைகின்றன. ஆதலின், குறை கூறப்படும்போது பணியாளரும் அங்கத்தினரும் மேற்கொள்ளத்தக்க முறை இன்னதென்று இப்பாடத்தில் ஆராய்வோம்.

அறுந்த இழை தரும் செய்தி

நெசவாளருக்கு இதனை விளக்குதல் எளிது. பாவில் ஓர் இழை அறுந்தால் அவர் தறியை நிறுத்துகிறார். முனைகளைத் தேடி முடிச்சிடுகிறார். பிறகே நாடாவை ஓட்டுகிறார். "ஓர் இழைதானே, போகட்டும்" என்று நெய்துகொண்டே போனால், துணியின் நீளம் முழுவதும் கோடு விழுந்துவிடும். அறுந்த இழையைக் கோபித்துக் கொள்ளும் நெசவாளர் எவருமில்லை. அது வேலையை நிறுத்தும் தடை போலத் தோன்றினும், வேலையைக் காக்கும் அறிவிப்பே ஆகும்.

இந்த உண்மையை இயந்திரத்தில் அமைத்துக் காட்டியவர் ஜப்பான் நாட்டின் சகிச்சி டொயோடா. 1867இல் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், கைத்தறியைத் திருத்துவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். ஊடை இழை அறுந்தால் தானே நின்றுவிடும் விசைத்தறியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்தார். பாவு இழை அறுந்தாலும் நிற்கக்கூடிய முழுத் தானியங்கித் தறியை 1924இல் நிறைவு செய்தார். தறி தானே நின்று பிழையைக் காட்டியதால், ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்க இயன்றது. நெசவு இயந்திரத்தில் உலகப் புகழ்பெற்ற இங்கிலாந்தின் பிளாட் நிறுவனம் 1929இல் இவரிடமிருந்து அத்தறியின் உரிமையை விலைக்குப் பெற்றது.

அவர் குடும்பத்தார் 1937இல் மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கியபோதும் இக்கருத்தைக் கைவிடவில்லை. அவர்களுடைய தொழிற்சாலையில் பிழையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அருகிலுள்ள கயிற்றை இழுத்து அறிவிக்கலாம். பிழை தீராவிடில் வேலை வரிசையே நிற்கும். பிழையை மறைத்து அடுத்தவருக்கு அனுப்புவதே அங்குக் குற்றமாகக் கருதப்படுகிறது. இந்நிறுவனத்தின் இந்தியத் தொழிற்சாலை நமக்குத் தொலைவில் இல்லை. நம் பகுதிப் பட்டுக்கூடு விவசாயிகள் நன்கறிந்த ராமநகரத்தை அடுத்த பிடதியில் 1999 முதல் இயங்கி வருகிறது. நெசவாளரின் மனைக்கட்டில் தோன்றிய ஓர் அறிவு மோட்டார்த் தொழிலுக்கு வழிகாட்டியிருக்கும்போது, அது நெசவாளர் சங்கத்திற்கும் விவசாயிகள் சங்கத்திற்கும் பயன்படாதொழியுமோ?

எல்லைப்புறத்தின் தனி நிலை

குறைகூறல் எல்லா ஊர்களிலும் உண்டு. ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிச் சங்கங்கள் அதனைப் பிற ஊர்களினும் கூர்ந்து நோக்க வேண்டிய நிலையில் உள்ளன. காரணம், இங்கே அங்கத்தினருக்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன.

ஜூஜுவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி. அதற்கப்பால் பெங்களூர் மாநகரம். ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுதான். தளியிலும் கெலமங்கலத்திலும் தேன்கனிக்கோட்டையிலும் விளையும் காய்கறிக்கும் பூவுக்கும் அங்கே வியாபாரிகள் காத்திருக்கின்றனர். பட்டுக்கூட்டுக்கு ஓசூரில் அரசு அங்காடி இருப்பினும், ராமநகரத்தின் பெரிய அங்காடியும் எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. பாலை வாசலிலேயே வந்து அளந்து செல்லும் தனியார் வண்டிகள் உள்ளன. நெசவாளரின் மகனுக்கோ மகளுக்கோ ஓசூர்த் தொழிற்பேட்டையில் மாதச் சம்பளம் கிடைக்கிறது. எனவே சங்கத்தில் தம் சொல் ஏறாது என்று கண்ட அங்கத்தினர் வாதாடிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. ஓசையின்றி வேறு வாசல் வழியே போய்விடலாம்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியல் அறிஞர் 1970இல் வெளியிட்ட நூல் ஒன்றில் இதனை ஆராய்ந்தார். நைஜீரியாவின் ரயில்வே சீர்கெட்டிருந்தபோது, சரக்கு அனுப்புவோர் லாரிகளுக்கு மாறிவிட்டனர். போட்டி வந்ததால் ரயில்வே திருந்தியிருக்க வேண்டும், ஆனால் திருந்தவில்லை. குறையை உரக்கச் சொல்லித் திருத்தியிருக்கக் கூடியவர்களே முதலில் லாரிக்குப் போய்விட்டதுதான் அதன் காரணம் என்று அவர் கண்டார். ஒரு நிறுவனத்தில் மனக்குறை கொண்டவருக்கு விலகிப் போதல், வாய்விட்டுச் சொல்லுதல் என்னும் இரு வழிகள் உண்டு; முதல் வழியில் போனவர் நிறுவனத்திற்கு எதையும் கற்பிப்பதில்லை.

இதிலிருந்து நாம் மனங்கொள்ள வேண்டிய முடிவு ஒன்றே: பொதுப்பேரவையில் எழுந்து நின்று குறை கூறுபவர் சங்கத்தின் பகைவரல்லர்; சங்கத்தை விட்டு இன்னும் போகாதவர். போய்விட எண்ணியவர் கூட்டத்திற்கே வருவதில்லை. ஆதலின் கூச்சலைக் கண்டு அஞ்சுவதினும், கூச்சலற்ற வெறுங்கூட்டத்தைக் கண்டு அஞ்சுவதே அறிவுடைமை. ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் குறைப்பதிவேடு பல ஆண்டுகளாக வெற்றேடாக இருப்பதைச் சிலர் பெருமையுடன் காட்டுவதுண்டு. குறையே இல்லை என்பதற்கு அது சான்றாகாது. பெரும்பாலும், சொல்லிப் பயனில்லை என்று அங்கத்தினர் முடிவு செய்துவிட்டனர் என்பதற்கே அது சான்று.

முன்னோர் வகுத்த விதி

கூட்டுறவின் முன்னோர் இதனை முதலிலேயே உணர்ந்திருந்தனர். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சிறு கடையொன்றைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி போன்ற சில பொருள்களே கடையில் இருந்தன. ஆனால் அவர்கள் எழுதிய விதிகளில், குறைகூறலுக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. சரக்கின் தரம், விலை, ஊழியரின் நடத்தை ஆகியவை குறித்து யாதேனும் சொல்ல வேண்டியவர் எழுத்தில் கையொப்பமிட்டு நிர்வாகிகளிடம் தரவேண்டும். நிர்வாகிகள் விசாரித்து முடிவு கூறவேண்டும். அம்முடிவில் நிறைவில்லையேல் பொதுக்கூட்டத்திற்குக் கொண்டு செல்லலாம். அங்கே எடுக்கப்படும் முடிவே இறுதியானது.

இவ்விதியில் நான்கு நற்பண்புகள் அடங்கியுள்ளன. குறை எழுத்தில் இருப்பதால் கேள்விப் பேச்சாகத் திரிவதில்லை. கையொப்பம் இருப்பதால் பொறுப்பு ஏற்படுகிறது. விசாரணை கட்டாயமாவதால் புறக்கணிக்க இயலாது. மேல்முறையீடு இருப்பதால் நிர்வாகிகளே நீதிபதிகளாகி விடுவதில்லை. கடையில் இருந்த சரக்கு சிறிதேயாயினும், நம்பிக்கையைக் காக்கும் ஏற்பாடு பெரிதாக இருந்தது.

நாடு முழுவதற்கும் கூறப்பட்ட குறை

இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றில் மிகக் கடுமையான குறைகூறல் 1954இல் வந்தது. ரிசர்வ் வங்கி 1951இல் ஏ. டி. கோர்வாலா தலைமையில் அகில இந்திய கிராமக் கடன் ஆய்வுக் குழுவை அமைத்தது. 75 மாவட்டங்களில் 600 கிராமங்களில் விவரங்கள் திரட்டப்பட்டன. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயக்கம் தோன்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. அப்படியிருந்தும் விவசாயிகள் வாங்கிய கடனில் நூற்றுக்கு 3 பங்கு அளவே கூட்டுறவுச் சங்கங்கள் தந்தவை என்று குழு கண்டது. பெரும்பகுதி லேவாதேவிக்காரர்களிடமே இருந்தது. இயக்கம் தோற்றுவிட்டதென்று குழு ஒளிவு மறைவின்றி எழுதியது; அதே மூச்சில், அது வெற்றி பெற்றே தீர வேண்டும் என்றும் கூறியது.

அக்காலத்துத் தலைவர்கள் குழுவினர்மேல் வசைமொழி வீசி அறிக்கையை மூடி வைத்திருக்கலாம். அவ்வாறு நேரவில்லை. 1955 ஜூலை 1ஆம் நாள் இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கியாக மாறியது. 1956இல் தேசியக் கூட்டுறவு வளர்ச்சி மற்றும் பண்டகக் காப்பு வாரியம் நிறுவப்பட்டது. சங்கங்களின் பங்கு மூலதனத்தில் அரசு சேரவும், சேமிப்புக் கிடங்குகள் எழும்பவும், ஊழியர் பயிற்சி பெருகவும் வழி பிறந்தது.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறுவதே நேர்மை. அரசு பங்குதாரரானபின், சங்கங்களில் அங்கத்தினரின் குரல் தாழ்ந்து அதிகாரிகளின் குரல் ஓங்கியது என்னும் புதிய குறை எழுந்தது. சௌத்ரி பிரம் பிரகாஷ் தலைமையில் அமைந்த குழு 1991இல் அதனை எடுத்துக் கூறி, தன்னாட்சி மிக்க மாதிரிச் சட்டம் ஒன்றை வகுத்தது. நம் அண்டை மாநிலமாகிய கர்நாடகம் 1997இல் சௌஹார்தக் கூட்டுறவுச் சட்டத்தை இயற்றியது அவ்வழியில் எழுந்ததே. ஒரு குறைக்குச் செய்த பரிகாரமே மற்றொரு குறைக்கு இடந்தரலாம் என்பது இதன் பாடம். எனவே குறை கேட்டல் ஒரு நாளில் முடிந்துவிடும் சடங்கன்று. கணக்கெழுதுவது போல் இடையறாது செய்யத்தக்க வேலை.

ஓசூர்த் தொழிற்சாலை காட்டிய வழி

நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. 1980இல் ஓசூரில் மொபெட் உற்பத்தியைத் தொடங்கிய டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002இல் டெமிங் பரிசைப் பெற்றது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1998இல், அக்குழுமத்தின் சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தினுடைய பிரேக் பிரிவு அப்பரிசைப் பெற்றிருந்தது.

டெமிங் என்பவர் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். 1950இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு அவர் தரக்கட்டுப்பாடு குறித்து விரிவுரைகள் ஆற்றினார். அவர் பெயரால் 1951இல் அங்கே பரிசு நிறுவப்பட்டது. இப்பரிசு, ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்தவருக்குத் தரப்படும் கோப்பை போன்றதன்று. விண்ணப்பித்த நிறுவனத்திற்குத் தேர்வாளர்கள் நேரில் வந்து, மேலாளர் முதல் இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளி வரை பலரையும் வினவி, செய்முறைகளைச் சோதிக்கின்றனர். முடிவில் நிறைகளோடு, திருத்த வேண்டிய குறைகளையும் எழுத்தில் தருகின்றனர். சுருங்கச் சொன்னால், தம்மைக் குறை கூறுமாறு தாமே வேண்டி அழைப்பதே இப்பரிசுக்கு விண்ணப்பித்தலின் பொருள்.

டெமிங் 1986இல் வெளியிட்ட நூலில் மேலாளர்க்கு 14 நெறிகளை வகுத்தார். அவற்றுள் 8ஆவது, பணியிடத்திலிருந்து அச்சத்தை அகற்றுதல். அஞ்சுகிறவர் உண்மையைச் சொல்லமாட்டார். உண்மை தெரியாதவர் பிழையைத் திருத்த இயலாது. மேலும், நேரும் பிழைகளில் மிகப்பெரும் பகுதி தனி ஊழியரால் நேர்வதன்று, வேலை அமைந்துள்ள முறையால் நேர்வது என்பது அவர் கருத்து. "யார் செய்தார்?" என்று கேட்குமுன் "எம்முறையால் நேர்ந்தது?" என்று கேட்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

செய்யத்தக்க ஆறு படிகள்

இனி, நம் சங்கங்களின் அன்றாட வேலைக்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்போம்.

முதற்படி, இடைமறியாமல் முழுவதும் கேட்டல். பால் கொள்முதல் நிலையத்தில் மூதாட்டி ஒருவர், "தம்பி, போன வாரம் 4.2 காட்டிற்று, இன்று 3.6 காட்டுகிறது. மாடும் அதேதான், தீவனமும் அதேதான். உன் சோதனையில்தான் கோளாறு" என்கிறார். "தண்ணீர் கலந்தால் அப்படித்தான் காட்டும்" என்று விடை சொன்னால், அன்றே ஓர் அங்கத்தினரை இழந்தோம். "இருங்கள் அம்மா, உங்கள் எதிரிலேயே மறுபடி மாதிரி எடுத்துப் பார்க்கிறேன்" என்று சொன்னால், உண்மை எப்பக்கம் இருப்பினும் நம்பிக்கை நிலைக்கும்.

இரண்டாம் படி, எழுதிப் பதிதல். நாள், பெயர், குறை ஆகியவற்றை அவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். நம் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டு மொழியாகக் கொண்ட அங்கத்தினர் பலர் உள்ளனர். தமிழில் எழுதத் தயங்கி அவர்கள் குறையை விழுங்கிவிடலாகாது. அவர்கள் மொழியிலேயே கேட்டு, ஊழியர் எழுதி, படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுதல் முறை. வரவு வைக்காத பணம் கணக்கில் இல்லாதது போலவே, பதிவு செய்யாத குறையும் சங்கத்தின் அறிவில் இல்லாததாகும்.

மூன்றாம் படி, சொன்னவரையும் சொல்லப்பட்டதையும் பிரித்தல். தேர்தலில் எதிர்த்து நின்றவர் கூறினார் என்பதற்காகத் தராசின் பிழை சரியாகிவிடாது. உறவினர் கூறினார் என்பதற்காக இல்லாத பிழை உண்டாகிவிடாது. குரல் கடுமையாக இருப்பினும், அக்கடுமையை ஒதுக்கிவிட்டு, அதனுள்ளே சோதித்தறியத்தக்க செய்தி யாது என்று பார்க்க வேண்டும்.

நான்காம் படி, பொருளை முன்வைத்து விசாரித்தல். முன்கூறிய பாலையே எடுத்துக் கொள்வோம். பாலை நன்கு கலக்காமல் மேலாக எடுத்தால் கொழுப்பு மிகுந்தும் அடியில் எடுத்தால் குறைந்தும் காட்டும். கெர்பர் முறையில் 10 மில்லிலிட்டர் கந்தக அமிலத்துடன் 10.75 மில்லிலிட்டர் பாலும் 1 மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹாலும் சேர்க்க வேண்டும். பாலின் அளவு குறைந்தால் முடிவும் குறையும். மின்கருவியாயின், அதைத் துப்புரவு செய்து அளவு ஒப்பிட்ட நாள் எது என்று பார்க்க வேண்டும். இவை சங்கத்தின் பக்கம். மறுபக்கத்தில், கடைசியாகக் கறக்கும் பாலில்தான் கொழுப்பு மிகுதி. அதைக் கன்றுக்கு விட்டுவிட்டால் பாத்திரத்துப் பாலில் கொழுப்பு குறையும். வைக்கோலும் பசுந்தீவனமும் குறைந்து அடர்தீவனமே மிகுந்தாலும் குறையும். இவ்வாறு விசாரித்தால், தண்ணீர் கலந்தார் என்ற பழியும் கருவியில் ஏமாற்றினார் என்ற பழியும் இன்றியே காரணம் வெளிப்படக்கூடும்.

ஐந்தாம் படி, குறித்த நாளில் பதில் கூறுதல். "பார்க்கலாம்" என்பது பதிலன்று. விசாரித்தது யாது, கண்டது யாது, செய்யப்போவது யாது என்னும் மூன்றையும் சொல்ல வேண்டும். குறை தவறானதென்று தெரிந்தாலும், அதற்குரிய ஆதாரத்தைக் காட்டிப் பணிவுடன் சொல்ல வேண்டும். பதில் பெறாத குறை கடன்பாக்கி போன்றது. நாள் செல்லச் செல்ல வட்டி ஏறும்.

ஆறாம் படி, முறையை மாற்றி, மாறியதா என்று மீண்டும் பார்த்தல். சேலையின் சாயம் போகிறதென்று விற்பனை நிலையத்திலிருந்து குறை வந்தது என்று கொள்வோம். நெசவாளரின் கூலியில் பிடித்தம் செய்வது எளிது. ஆனால் நெசவாளர் சாயமிடவில்லை. நூலைச் சங்கமே சாயமிட்டுத் தந்தது. சாயமிட்டபின் சோப்புக் கரைசலில் சுடச்சுட அலசி, ஒட்டாத சாயத்தை நீக்காவிடில் எத்துணை நல்ல நெசவும் அதனைக் காக்க முடியாது. பிழை சாயப்பட்டறையில் இருக்க, தண்டனை தறிக்குழியில் விழலாகாது. இனி ஒவ்வொரு சாய ஈட்டிலும் ஒரு சிட்டத்தை ஈரமாக வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தபின்னரே நூலை வழங்குவது என்று விதி செய்தால், அக்குறை மீண்டும் எழாது. மூன்று மாதம் கழித்து அதே குறை வந்ததா என்று பதிவேட்டைப் புரட்டினால், திருத்தம் மெய்யானதா என்பதும் தெரியும்.

உற்பத்தியாளர் மேல் கூறப்படும் குறை

குறைகூறல் சங்க ஊழியர்களுக்கு மட்டும் வருவதன்று, அங்கத்தினருக்கும் வரும். பட்டுக்கூடு ஏலத்தில் நூற்பாளர்கள் ஒரு குவியலைக் கையிலெடுத்துப் பார்த்து, "கறைக்கூடு மிகுதி, இழை சரியாக ஓடாது" என்று சொல்லி விலையைக் குறைக்கின்றனர். விவசாயி அதனை வியாபாரத் தந்திரம் என்று எண்ணி மனம் நொந்து திரும்புகிறார். தந்திரமும் இருக்கலாம். எனினும் அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எத்தனை கூடுகள் கறைபட்டவை, அவை எவ்வாறு கறைபட்டன?

புழுக்கள் கூடு கட்டும் நாள்களில் சந்திரிகையில் நெரிசல் மிகுந்திருந்ததா? காற்றோட்டமின்றி ஈரம் தேங்கியதா? இறந்த புழுக்களை அகற்றினோமா? உள்ளே கூட்டுப்புழு முழுமையாக உருவாகுமுன் அவசரப்பட்டு அறுவடை செய்தோமா? ஊசி ஈ புகாதவாறு வலையடித்தோமா? இவற்றுள் ஒன்று காரணமென்று கண்டால், அடுத்த ஈட்டிலேயே திருத்தலாம். ஏல அங்காடியில் கேட்ட ஒரு கசப்பான சொல், வளர்ப்புமனையில் ஒரு சன்னலைத் திறக்கச் செய்யுமானால், அச்சொல்லுக்கு அடுத்த ஏலத்தில் விலை கிடைக்கும்.

தணிக்கைக் குறிப்பும் அவ்வாறே

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இல் இயற்றப்பட்டு 1988 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 80ஆம் பிரிவு தணிக்கையையும், 81ஆம் பிரிவு விசாரணையையும், 82ஆம் பிரிவு ஆய்வையும் பற்றியவை. சட்டம் இவற்றை வெவ்வேறாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தணிக்கை ஆண்டுதோறும் நிகழும் உடற்பரிசோதனை போன்றது. விசாரணையோ நோய் முற்றியபின் நேர்வது. தணிக்கைக் குறிப்பை உரிய காலத்தில் ஏற்றுத் திருத்தும் சங்கத்திற்கு 81ஆம் பிரிவைக் கண்டு அஞ்ச வேண்டிய நிலை அரிதாகவே நேரும்.

ஆயினும் நடைமுறையில் தணிக்கைக் குறிப்புக்குச் சிலர் எழுதும் விடை, "இனி இவ்வாறு நேராது கவனிக்கப்படும்" என்னும் ஒற்றை வரியே. அடுத்த ஆண்டும் அதே குறை, அதே வரி. இது விடையன்று, சடங்கு. இருப்பில் நூல் குறைந்தது எனில், எந்த மாதத்தில், எந்த வழங்கீட்டில், எடைக் குறைவாலா, கழிவாலா, பதிவுப் பிழையாலா என்று பிரித்து எழுதுவதே விடை. குறிப்பு தவறானதாயின் அதையும் அஞ்சாது ஆதாரத்துடன் எழுதலாம். தணிக்கையாளரும் ஆய்வாளரும் மனிதரே. அவர்கள் சொல்வதையும் சோதித்துப் பார்க்கும் உரிமை சங்கத்திற்கு உண்டு. ஏற்றல் என்பது தலையாட்டுதல் அன்று.

பொய்க்குறையும், குறை கூறுவோர் கடமையும்

வேண்டுமென்றே புனைந்து கூறப்படும் குறைகளும் உண்டு. அவற்றுக்கும் மேற்சொன்ன முறையே மருந்து. எழுத்தும் கையொப்பமும் விசாரணையும் வேண்டும் என்றவுடன் வீண்பழி பெரும்பாலும் விலகிவிடும். எஞ்சி நிற்பதே பயனுள்ள குறை. முறை இல்லாத இடத்தில்தான் தேநீர்க் கடைப் பேச்சு ஆட்சி செய்கிறது. ஓர் ஊழியரை ஏசுவதும் சாதியையோ மொழியையோ இழுத்துப் பேசுவதும் குறைகூறல் ஆகா. அவற்றை நிர்வாகக் குழு உறுதியுடன் தடுத்து ஊழியரின் மானத்தைக் காக்க வேண்டும்.

குறை கூறும் அங்கத்தினருக்கும் கடமை உண்டு. கண்டதைச் சொல்லுக, கேட்டதைச் சொல்லற்க. ஆளைச் சொல்லாது செயலைச் சொல்லுக. நாளும் அளவும் குறித்துச் சொல்லுக. தனியே சொல்லித் திருத்தக்கூடியதை முதலில் தனியே சொல்லுக; திருந்தாவிடில் பேரவையில் சொல்லுக. விசாரணைக்கு அழைத்தால் வருக. நன்மை நேர்ந்தால் அதையும் அதே குரலில் சொல்லுக. ஆண்டு முழுவதும் குறையே கேட்கும் ஊழியர் செவிடாகிவிடுவது இயற்கை.

நெசவாளர் அறுந்த இழையை முடிந்துவிட்டுத் தறியைத் தொடர்வது போல, குறையைக் கேட்டு, பதிந்து, விசாரித்து, விடையளித்து, முறையைத் திருத்தியபின் பணியைத் தொடர்வோமாக. எல்லைக்கப்பால் சந்தை நாளும் பெருகி வருகிறது. அதை நாம் தடுக்க இயலாது. ஆனால் தம் சொல்லுக்கு மதிப்புள்ள இடம் சங்கமே என்று அங்கத்தினர் அறிந்தால், அவர்கள் அவ்வெல்லையைக் கடக்குமுன் ஒருமுறை நம் வாசலில் நிற்பார்கள். அந்த ஒரு கணமே நமக்கு வேண்டிய வாய்ப்பு.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நம் சங்கத்தில் குறைப்பதிவேடு உள்ளதா? சென்ற ஓராண்டில் அதில் பதிந்தவை எத்தனை, பதில் பெற்றவை எத்தனை?

2. சென்ற மூன்று ஆண்டுகளில் சங்கத்திற்குப் பாலோ துணியோ விளைபொருளோ தருவதை நிறுத்திய அங்கத்தினர் எத்தனை பேர்? போகுமுன் அவர்கள் கூறிய குறை யாது?

3. கடந்த இரு தணிக்கை அறிக்கைகளிலும் மீண்டும் மீண்டும் வந்த குறை எது? அதற்கு ஆளைக் காரணமாகக் கூறினோமா, முறையைக் காரணமாகக் கண்டோமா?

4. தமிழில் எழுத இயலாத அங்கத்தினர் தம் குறையைத் தெரிவிக்க நம் சங்கத்தில் என்ன வழி உள்ளது?